48 வோல்ட் கோல்ஃப் கார்ட்: கன்ட்ரோலர் வாங்குவதற்கு முன் கேபிளைப் பாருங்கள்

பழைய கோல்ஃப் கார்ட் வாங்கியவர்கள் கொஞ்ச நாளில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். சமதளத்தில் நன்றாக ஓடுகிறது, மேடு வந்தால் முக்குகிறது, நாலு பேர் ஏறினால் நகரவே மாட்டேன் என்கிறது, 400 ஆம்ப் கன்ட்ரோலர் (பெடலுக்கு ஏற்ப மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் பெட்டி) போட்டால் சரியாகிவிடுமா? போடலாம், நல்ல மாற்றம்தான். ஆனால் அதை முதலில் வாங்காதீர்கள். பேட்டரியில் கிளம்பும் கரண்ட் கேபிள், சோலனாய்டு (மெயின் கரண்டை இணைத்துத் துண்டிக்கும் காந்த சுவிட்ச்), கன்ட்ரோலர், மோட்டார் என்று சுற்றிவிட்டு மறுபடி பேட்டரிக்கே வருகிறது. அந்தச் சுற்றில் எந்த இடம் மோசமோ அதுதான் வண்டியின் பலத்தைத் தீர்மானிக்கும், மற்றதையெல்லாம் புதிதாக மாற்றினாலும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் மீதி வேலை முழுக்கப் புரிந்துவிடும். ஒரு இணைப்பில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் பெருக்கினால் வருவது. பூத்துப்போன ஒரு டெர்மினலில் 1 மில்லி ஓம் இருக்கிறது என்று வையுங்கள். 300 ஆம்ப் ஓடும்போது அங்கே 90 வாட் சூடு. அதே டெர்மினலை அப்படியே விட்டுவிட்டு 400 ஆம்ப் கன்ட்ரோலர் மாட்டினால் 160 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் 60 வாட்தான், ஈயம் உருகுவதோ 327 டிகிரியில். பேட்டரி போஸ்ட் (மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஈய முனை) மெழுகுபோல் வழிந்து நிற்கிற வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள், அது இப்படித்தான் நடக்கிறது.

இங்கே நான் சொல்வது 48 வோல்ட் கிளப் கார், ஈ-இசட்-கோ மாதிரியான வண்டிகளை வைத்து. இரண்டு கம்பெனிகளுமே அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தின் அகஸ்டா பக்கம் இருப்பவை, உலகம் முழுக்க ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பங்கு இவர்களுடையது. நம் ஊரில் ரயில் நிலையத்திலும் கல்லூரி வளாகத்திலும் ஓடும் பேட்டரி கார் வேறு கம்பெனியாக இருக்கலாம், ஆனால் மின்சுற்று இதே குடும்பம்தான். வயரிங் டயகிராம் மட்டும் உங்கள் வண்டியின் மாடலுக்கும் வருடத்துக்கும் உரியதைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே மாடலில் அடுத்தடுத்த வருடங்களிலேயே வயர் நிறம் மாறுவது உண்டு.

முதலில் மோட்டார் எந்த வகை என்று தெரிய வேண்டும்

இதைப் பார்க்காமல் கன்ட்ரோலர் ஆர்டர் போடுவதுதான் அதிகம் நடக்கிற தப்பு. சிரீஸ் மோட்டார் என்றால் நான்கு டெர்மினலும் ஒரே மாதிரி தடியாக இருக்கும்: ஏ1, ஏ2, எஸ்1, எஸ்2. நான்கிலும் தடித்த கேபிள்தான் வரும். செப்பெக்ஸ் மோட்டார், அதாவது ஷண்ட் வகை என்று கடைக்காரர்கள் சொல்வது, அதில் ஏ1, ஏ2 தடியாகவும் எஃப்1, எஃப்2 மெல்லியதாகவும் இருக்கும், அந்த மெல்லிய இரண்டுக்கும் சின்ன வயர்தான் போகும். சிரீஸ் வண்டியில் முன்னே பின்னே மாற்றும் சுவிட்ச் வழியாக முழு மோட்டார் கரண்டும் ஓடுகிறது, அதனால் அது ஒரு கனமான லீவர். செப்பெக்ஸில் கன்ட்ரோலரே ஃபீல்டை (மோட்டாருக்குள் காந்தப்புலம் தரும் காயிலின் கரண்டை) திருப்பிவிடுகிறது, சுவிட்ச் சின்னதாக டேஷ்போர்டில் இருக்கும். ஒன்றுக்கான கன்ட்ரோலர் மற்றதில் வேலை செய்யாது. லேபிளில் வோல்ட்டும் ஆம்பும் பொருந்துகிறதே என்று வாங்கிவிட்டுப் பெட்டியைத் திருப்பி அனுப்ப நேராதபடி, சீட்டைத் தூக்குவதற்கு முன்பே பின்சக்கரப் பக்கம் குனிந்து டெர்மினலை எண்ணிவிடுங்கள்.

கை வைப்பதற்கு முன்

48 வோல்ட் ஷாக் பெரிதாக அடிக்காது என்பது ஓரளவு உண்மை, ஆனால் ஆபத்து ஷாக்கில் இல்லை, ஷார்ட்டில் இருக்கிறது. ஸ்பேனர் இரண்டு டெர்மினலுக்குக் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்ப் ஒரே நொடியில் பாயும், ஸ்பேனர் செக்கச்சிவந்து வெல்ட் ஆகிவிடும். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப்பை நன்றாகச் சுற்றுங்கள், வாய் மட்டும் வெளியே தெரிந்தால் போதும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும், ஆகவே சார்ஜ் முடிந்து கொஞ்ச நேரம் காற்றாட விட்டபிறகுதான் வேலை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

சாவியை எடுங்கள். டோ (கட்டி இழுக்க), ரன் (ஓட்ட) என்று சுவிட்ச் இருந்தால் டோவில் வையுங்கள். அப்புறம் பேட்டரி பேக்கின் மெயின் நெகட்டிவைக் கழற்றுங்கள். கழற்றியும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் சார்ஜ் மிச்சமிருக்கும், கன்ட்ரோலரின் பேட்டரி பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரைச் சில நொடிகள் பிடித்து அதை இறக்கிவிடுங்கள். எந்த வயரையும் பிடுங்குவதற்கு முன் நாலு கோணத்திலிருந்தும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயரிலும் பேப்பர் டேப்பில் பெயர் எழுதி ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது.

அளந்து பார்ப்பது

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஒரு மல்டிமீட்டர் போதும், குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் மின்/மேக்ஸ் பட்டன் இருந்தால் வேலை சுலபம். கிளாம்ப் மீட்டர் வாங்குவதானால் டிசி கரண்ட் அளப்பதாகப் பார்த்து வாங்குங்கள், விலை குறைந்தவை பலவும் ஏசி மட்டும்தான் அளக்கும், இந்த வேலைக்கு அது உதவாது.

முழு சார்ஜ் ஏற்றி, சில மணி நேரம் சும்மா விட்டபிறகு பேக் 50.9 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். பாதி சார்ஜில் 48.4 இருக்கும். ஆனால் நிற்கிற வண்டியின் வோல்டேஜ் பாதிக் கதைதான் சொல்லும். மீட்டரை முதலை கிளிப் வைத்த நீள வயரில் இணைத்து சீட்டுக்கு வெளியே கொண்டுவாருங்கள், வேறு ஒருவரை ஓட்டச் சொல்லி நல்ல மேட்டில் பெடலை முழுக்க மிதிக்கச் சொல்லுங்கள். 48 வோல்ட் பேக்கில் 24 செல் இருக்கின்றன, ஒரு செல் 1.75 வோல்ட்டுக்கு இறங்கினால் தீர்ந்தது என்று கணக்கு, ஆக மொத்தம் 42 வோல்ட். சார்ஜ் நிறைந்த பேக் மேட்டில் 42க்குக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது, வேறெதையும் வாங்காமல் பேட்டரிக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். அதே மேட்டில் ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகப் பாருங்கள். ஆறு 8 வோல்ட் பேட்டரியில் ஐந்து 7.5 காட்ட ஒன்று மட்டும் 6.8 காட்டினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். பேக் ரொம்பப் பழசு என்றால் அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவதில் பிரயோஜனம் இல்லை, பழையவை சேர்ந்து புதியதையும் சீக்கிரம் கீழே இழுத்துவிடும்.

பேட்டரி தேறிவிட்டதா, சரி, இப்போது கேபிள். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து ஒரு கேபிளின் இந்த முனை லக்கிலிருந்து (முனையில் அழுத்தியிருக்கும் செம்பு வளையம்) அந்த முனை லக் வரை, வண்டி மேடேறும்போது பாருங்கள். பிறகு போஸ்ட்டின் ஈயத்தில் ஒரு புரோப், அதன்மேல் உட்கார்ந்திருக்கும் லக்கில் ஒரு புரோப். இந்த இரண்டாவது அளவைத்தான் யாரும் எடுப்பதில்லை. நல்ல இணைப்பில் அது சில மில்லிவோல்ட்தான் இருக்கும், 50ஐத் தாண்டினால் அந்த இணைப்பைப் பிரித்துச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும்: பச்சையாகப் பூத்த பவுடர், இல்லையென்றால் லக்குக்கும் ஈயத்துக்கும் நடுவே யாரோ போட்டுவைத்த ஸ்டீல் வாஷர். வாஷர் எப்போதும் லக்குக்கு மேலேதான் வர வேண்டும். லக்கின் செம்பு நேராக ஈயத்தின் மேல் உட்கார வேண்டும். நடுவில் வாஷர் வந்தால் கரண்ட் முழுக்க அந்த ஸ்டீல் வழியாகப் போய், போஸ்ட் உருகுகிறது.

கேபிள்

பழைய வண்டிகளில் நிறைய 6 கேஜ் கேபிளோடு வந்தவை, அது சுமார் 13 ஸ்கொயர் எம்எம். ஒரு மீட்டருக்கு 1.3 மில்லி ஓம். எல்லாக் கேபிளையும் கூட்டினால் நாலு மீட்டர் வருகிறது என்று வையுங்கள், 300 ஆம்ப்பில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் கேபிளிலேயே போய்விடுகிறது. 2 கேஜ் போட்டால் அது 0.6 வோல்ட்டாக இறங்கும். நம் கடைகளில் 35 ஸ்கொயர் என்று கேட்டால் இதே தடிமன் கிடைக்கும். வெல்டிங் கேபிள் நல்ல தேர்வு, நிறைய மெல்லிய இழைகள் இருப்பதால் குறுகலான இடத்தில் வளையும். ஆனால் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதை விற்பார்கள், முனையை வெட்டி இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

லக்கை ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலில் அழுத்த வேண்டும். சுத்தியலால் தட்டி உட்கார வைத்த லக் அன்றைக்குப் பிடித்ததுபோல் இருக்கும், ஆனால் அதிர்விலும் சூட்டிலும் தளர்ந்துவிடும். உங்களிடம் டூல் இல்லையென்றால் நீளம் அளந்து கொடுத்து பேனல் போர்டு செய்கிற கடையில் அடித்து வாங்கிவிடுங்கள். வெள்ளீயம் (டின்) பூசிய செம்பு லக், மேலே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், இரண்டும் இருந்தால் ஆசிட் புகை உள்ளே ஏறாது. கடற்கரையோரம் ஓடும் வண்டி என்றால் இதைத் தவிர்க்கவே கூடாது. போஸ்ட்டைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி (செல்லுக்குள் ஒரு சொட்டும் விழாமல்), காய்ந்தபின் கம்பி பிரஷ்ஷால் பளபளவென்று தேய்த்து, பேட்டரி கம்பெனி சொன்ன டார்க்கில் (முறுக்கும் அளவில்) முடுக்குங்கள். ஈயம் மென்மையானது, பலம் காட்டினால் போஸ்ட் சுழன்று உள்ளே விரிசல் விடும்.

இவ்வளவு மட்டும் செய்தே பல வண்டிகள் மேடேறத் தொடங்கிவிடும்.

சோலனாய்டு

டிக் என்று சத்தம் வருகிறது, ஆகவே நன்றாக இருக்கிறது என்று நினைப்பார்கள். சத்தம் காயில் வேலை செய்வதைத்தான் சொல்லும், உள்ளே இருக்கும் செம்புத்தட்டு அரித்துப்போனதைச் சொல்லாது. வண்டி மேட்டில் இழுக்கும்போது இரண்டு பெரிய டெர்மினலுக்கு நடுவே அளந்து பாருங்கள், கிட்டத்தட்ட சுழியமாக இருக்க வேண்டும், 0.2 வோல்ட்டைத் தாண்டினால் மாற்றிவிடலாம். கன்ட்ரோலரைப் பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் சோலனாய்டையும் 200 ஆம்ப் தொடர்ச்சியாகத் தாங்கும் ரகத்துக்குக் கொண்டுபோங்கள். காயில் வோல்டேஜ் பேக்குக்குப் பொருந்த வேண்டும், 36 வோல்ட்டிலிருந்து 48க்கு மாற்றுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பழைய சோலனாய்டில் இரண்டு குட்டிப் பாகங்கள் இருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெரிய டெர்மினல்களுக்குக் குறுக்கே ஒரு ரெசிஸ்டர், 48 வோல்ட்டில் 250 ஓம் என்பது வழக்கம். கன்ட்ரோலரின் கெப்பாசிட்டரை மெல்ல நிரப்பி வைப்பது அதன் வேலை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை பெடல் மிதிக்கும்போதும் செம்புத்தட்டில் பெரிய பொறி விழும், புது சோலனாய்டு சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று காயிலின் சின்ன டெர்மினல்களுக்குக் குறுக்கே டையோடு, அதன் கோடு போட்ட முனை பிளஸ் பக்கம் வர வேண்டும். தலைகீழாக மாட்டினால் காயில் சர்க்யூட் ஷார்ட் ஆகி மைக்ரோ சுவிட்ச்சோ கன்ட்ரோலரின் டிரைவரோ போகும்.

இப்போது கன்ட்ரோலர்

ஆம்ப் கூடினால் இழுவை கூடும், வோல்ட் கூடினால் வேகம் கூடும். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனால் ஏமாற மாட்டீர்கள். மேடு ஏற வேண்டும், ஆள் ஏற்ற வேண்டும், 18 அங்குல டயரை எடுத்துவிட்டு 22 அங்குலம் போட்டிருக்கிறீர்கள் (அது கியரை 22 சதவீதம் உயர்த்தியதற்குச் சமம், மோட்டார் அந்த அளவுக்கு அதிகம் முக்க வேண்டும்) என்றால் உங்களுக்குத் தேவை ஆம்ப். 400 ஆம்ப் பெரும்பாலோருக்குத் தாராளம். அதற்கு மேலே போனால் சிரீஸ் வண்டியின் அந்த முன் பின் சுவிட்ச்சும் கருகும், அதற்கும் கனமான ரகம் போட்டாக வேண்டும்.

வாங்கும்போது பெடல் எந்த வகை என்று சொல்லியே வாங்குங்கள். கிளப் காரில் 5 கிலோ ஓமிலிருந்து சுழியத்துக்கு இறங்கும் வகை பரவலாக உண்டு, ஈ-இசட்-கோவில் ஐடிஎஸ் (ITS) என்ற காயில் வகை. கன்ட்ரோலரின் செட்டிங்கில் தப்பான வகை இருந்தால் வண்டி அசையாது, அல்லது பெடல் பாதி வரை ஒன்றுமில்லாமல் அப்புறம் எகிறிப் பாயும். செப்பெக்ஸ் என்றால் மோட்டாருக்கு ஏற்ற ஃபீல்டு செட்டிங்கும் ஏற்றியிருக்க வேண்டும், ஆர்டர் செய்யும்போது மோட்டார் நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள். கன்ட்ரோலர் உட்காரும் அலுமினியத் தட்டைத் துடைத்து, ஹீட் சிங்க் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி இறுக்குங்கள். சூடு ஏறினால் கன்ட்ரோலர் தானாகவே ஆம்பைக் குறைத்துக்கொள்ளும், மே மாத வெயிலில் நீங்கள் காசு கொடுத்த 400 ஆம்ப் கிடைக்காமல் போவது இப்படித்தான்.

மாட்டியபின் முதல் சோதனையைப் பின்சக்கரம் இரண்டையும் ஸ்டாண்டில் தூக்கி வைத்துச் செய்யுங்கள், பெடலை லேசாகத் தொட்டு திசை சரியா என்று பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். சிரீஸ் மோட்டார் லோடு இல்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும், முழுக்க மிதித்தால் ஆர்மேச்சர் (மோட்டாரின் சுழலும் பகுதி) சிதறுகிற அளவுக்குப் போய்விடும்.

மோட்டாரைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள், காம்யூட்டேட்டர் (பிரஷ் உரசும் செம்பு உருளை) கருத்திருந்தால் கடைசல் கடையில் கொடுங்கள். இழுவை மோட்டார், வேக மோட்டார் என்று விற்பார்கள், இரண்டும் சேர்ந்த அதிசயம் டிசியில் கிடையாது. அப்படி வேண்டுமென்றால் மோட்டாரும் கன்ட்ரோலரும் சேர்ந்து வரும் ஏசி கிட்டுக்குத்தான் போக வேண்டும், அது வேறு பட்ஜெட்.

லித்தியம் போடுகிறவர்களுக்கு

எடை என்ற ஒரே காரணத்துக்காகவே லித்தியம் பெரிய மாற்றம். 8 வோல்ட் லெட் ஆசிட் ஒன்று 29 கிலோ பக்கம், ஆறு சேர்ந்தால் 170 கிலோவைத் தாண்டும், அதில் நூறு கிலோவுக்கு மேல் குறைந்துவிடும். 16 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேக் 51.2 வோல்ட், முழு சார்ஜில் 58.4. ஆனால் வாங்கும்போது ஆம்ப்-அவரை மட்டும் பார்க்காதீர்கள், உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் எலக்ட்ரானிக் சர்க்யூட்) எத்தனை ஆம்ப் விடும் என்று கேளுங்கள். 200 ஆம்ப்பில் வெட்டும் பிஎம்எஸ்ஸுக்கு 400 ஆம்ப் கன்ட்ரோலர் மாட்டினால் நடு மேட்டில் வண்டி செத்து நிற்கும். அந்த நிலையில் கன்ட்ரோலர் செட்டிங்கில் ஆம்பைக் குறைத்து வைப்பதுதான் வழி.

இன்னொன்று, இதை விற்கிறவர்கள் சொல்வதில்லை. செப்பெக்ஸ், ஏசி வண்டிகளில் இறக்கத்தில் மோட்டார் பிரேக்காக மாறி கரண்டைத் திருப்பி பேட்டரிக்கு அனுப்புகிறது. உங்கள் வீடு மேட்டின் உச்சியில் இருந்து, முழுக்க சார்ஜ் ஏற்றி உடனே இறங்கினால் நிரம்பிய பேக்கில் பிஎம்எஸ் அந்தக் கரண்டை வாங்க மறுத்துத் துண்டித்துவிடலாம், மோட்டார் பிரேக் திடீரென்று காணாமல் போகும். சார்ஜை 90 சதவீதத்தில் நிறுத்தும்படி செட் செய்யுங்கள், இறங்கும்போது காலைக் கால் பிரேக்கின் மேலேயே வையுங்கள்.

பழைய சார்ஜர் லித்தியத்துக்கு ஆகாது, லெட் ஆசிட் சார்ஜர் கடைசிக் கட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டும். பழைய 48 வோல்ட் கிளப் காரில் சார்ஜரை வண்டிக்குள் இருக்கும் ஓபிசி என்ற பெட்டிதான் நடத்துகிறது, லித்தியம் போடும்போது அதைச் சுற்றில் இருந்து விலக்க வேண்டும். வோல்ட் மீட்டர் காட்டும் முள்ளையும் நம்ப முடியாது, லித்தியத்தின் வோல்டேஜ் கடைசி வரை ஏறக்குறைய சமமாகவே இருக்கும், ஷண்ட் (கரண்டை அளக்க உதவும் சின்ன ரெசிஸ்டர், ஷண்ட் மோட்டார் வேறு) வைத்து ஆம்ப்-அவரை எண்ணும் மீட்டர் போடுங்கள். மெயின் ஃப்யூஸ் கட்டாயம். கார் ஆடியோ கடையில் கிடைக்கும் ஏஎன்எல் ஃப்யூஸ் பலவும் 32 வோல்ட்டுக்கானவை, 58 வோல்ட்டில் உருகினாலும் பொறி அணையாமல் எரிந்துகொண்டிருக்கும். கிளாஸ் டி (Class T) மாதிரி அதிக டிசி வோல்ட்டுக்கு முத்திரை உள்ளதைப் போடுங்கள்.

லைட், ஹாரன், பாட்டு

உங்கள் பேக் 12 வோல்ட் பேட்டரிகளால் ஆனது என்றால் அதில் ஒரே ஒரு பேட்டரியிலிருந்து இவற்றுக்கு 12 வோல்ட் எடுக்காதீர்கள். அந்த ஒன்று மட்டும் தினமும் அதிகம் இறங்கும், சார்ஜர் எல்லாவற்றுக்கும் சமமாகத்தான் ஏற்றும், சில மாதங்களில் அது முதலில் சாகும். முழு 48 வோல்ட்டிலிருந்து 12க்கு இறக்கும் கன்வர்ட்டர் ஒன்று வாங்குங்கள், 20 ஆம்ப் போதும், உள்ளே போகும் வயரிலும் வெளியே வரும் வயரிலும் ஃப்யூஸ்.

வேகம் கூட்டியவர்கள் பிரேக்கை மறக்கக் கூடாது. பெரும்பாலான கார்ட்டில் பின்சக்கரத்தில் மட்டும்தான் டிரம் பிரேக். மணிக்கு 15 மைலிலிருந்து 22 மைலுக்குப் போனால் நிறுத்த வேண்டிய சக்தி இரண்டு மடங்குக்கும் மேல். லித்தியம் போட்டுப் பின்பக்க எடையும் குறைந்திருந்தால் டயரின் பிடிப்பும் குறைந்திருக்கும். ஷூவைக் கழற்றிப் பார்த்து, கேபிளை அட்ஜஸ்ட் செய்து, ஈரத்தரையில் ஒரு முறை நிறுத்திப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டுங்கள். அமெரிக்காவில் இருப்பவர்கள் கவனிக்க: 1998 முதல் அங்கே உள்ள விதிப்படி மணிக்கு 20 மைலைத் தாண்டி 25 மைல் வரை போகும் வண்டி குறைவேக வாகனம் என்ற வகையில் வரும், சீட் பெல்ட், இண்டிகேட்டர், பின்னால் பார்க்கும் கண்ணாடி, வண்டி அடையாள எண் எல்லாம் வேண்டும். செட்டிங்கில் 19இல் பூட்டி வைப்பது நிம்மதி.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் ஓட்டியபிறகு, நல்ல மேட்டில் ஏறி இறங்கிய கையோடு வண்டியை நிறுத்தி சாவியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு டெர்மினலின் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், ஐஆர் தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. எல்லாம் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனியாகச் சுட்டால் மெயின் நெகட்டிவைக் கழற்றி, அதைப் பிரித்துத் தேய்த்து மறுபடி டார்க் ரென்ச் வைத்து முடுக்குங்கள், மற்ற நட்டுகளையும் அதே கையோடு ஒரு சுற்று பார்த்துவிடுங்கள்.